இல்லாத தம்பிக்காக ஒரு மீட்டிங்

கார்த்திகை பிறந்துவிட்டால் தாராவியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் நான் சாமி. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால், விடியுமுன்னே பச்சைத் தண்ணீரில் குளியல். சயானில் நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீசில் மராத்திக்கார மேனேஜர்கூட அந்த ஒரு மண்டலம் மட்டும் என்னை அதட்ட மாட்டார். முதல் சில நாள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சரணம் சொல்லிச் சமாளித்துவிடுவேன். அப்புறம் உடம்பு ஒரு சொட்டுகூடக் கேட்காது. மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே மறுபடி ஆரம்பித்துவிடுவேன். வருஷா வருஷம் இதேதான். என்னைக் குடிகாரன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குடிகாரனால் ஒரு மண்டலம் நிறுத்த முடியுமா என்று சண்டைக்குப் போவேன். நிறுத்த முடிந்தவன் ஏன் மறுபடி தொடுகிறான் என்று யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அந்த வருஷம் மாலை போடுவதற்கு முந்தின நாள், என் மனைவி கறுப்பு வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. மாலைய கழத்துன அன்னைக்கி நீங்க குடிச்சிட்டு வந்தீயன்னா, நானும் புள்ளையும் கோபர்கைரனேக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவோம். பெறகு திரும்பி வரமாட்டோம்.”

“மாலை போடப்போற நேரத்துல இப்படியா பேசுவ? சகுனம் பாக்க வேண்டாமாட்டி?”

“சகுனம் பாத்தது போதும். பெட்டிய பரண்லேர்ந்து இறக்கி வச்சாச்சு.”

எத்தனையோ வருஷம் அவள் கத்தியிருக்கிறாள், பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறாள். அதெல்லாம் என்னை ஒன்றும் செய்ததில்லை. அன்றைக்கு அவள் குரலே உயரவில்லை. கடையில் பால் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு வேட்டிக்கு க்ளிப் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். பெட்டி நிஜமாகவே பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

மாலை கழுத்தில் இருக்கும்வரை பயமில்லை. கழற்றிய அன்றைக்குத்தான் ஆபத்து. அதற்குள் ஏதாவது வழி பார்க்க வேண்டும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற மீட்டிங் இருக்கிறதாம், அதற்குப் போ என்று என் மகள் பிடித்துக்கொண்டாள். அவள் காலேஜில் படிக்கிறாள். அம்மாவிடம் தமிழ், என்னிடம் ஹிந்தி. தமிழ் எழுத்தைக் காட்டினால் எறும்பு ஊர்கிறது என்பாள். போனில் ஒரு நீளமான பட்டியலைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “பப்பா, இத்னே ஸாரே ஹை. கோயி ஏக் மே தோ ஜாவோ.” இவ்வளவு இருக்கிறதே, ஏதாவது ஒன்றுக்குப் போயேன் என்கிறாள்.

ஏதாவது ஒன்று என்று சொல்லிவிட்டாளே தவிர, எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஹிந்தி மீட்டிங், மராத்தி மீட்டிங், இங்கிலீஷ் மீட்டிங், தமிழ் மீட்டிங். சர்ச்சில், ஸ்கூலில், ஆஸ்பத்திரி மாடியில். சிலவற்றுக்குப் பக்கத்தில் ‘க்ளோஸ்ட்’ என்று போட்டிருந்தது. மூடிப்போன மீட்டிங்கை எதற்குப் பட்டியலில் வைத்திருக்கிறான் என்று நான் எரிந்து விழ, குடிக்கிறவர்கள் மட்டும் போகலாம் என்று அதற்கு அர்த்தம் என்றாள் மகள். நான் எந்த மொழியில் குடித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஊற்றச் சொன்னது ஹிந்தியில். ஆபீசில் லீவுக்குக் காரணம் எழுதினது இங்கிலீஷில். வீட்டுக்கு வந்து ஏசினது சுத்தமான திருநெல்வேலித் தமிழில். அப்படியானால் எந்த மொழியில் போய் நிறுத்துவது? மகளுக்கு இது கேள்வியாகவே படவில்லை.

பக்கத்திலேயே இருப்பதுதான் சௌகரியம் என்று முதலில் தாராவிக்குள்ளேயே ஒன்றுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால். வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் தெருத் தையல்காரர். ஒரு காலத்தில் சேர்ந்து குடித்தவர், பாதியில் காணாமல் போனவர். ஈரல் கெட்டுப்போய்விட்டது போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவர் என் மாலையைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க சாமி. பூஜைக்கி நன்கொடையா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். நேரே கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டேன். மீட்டிங்குக்குப் போனவன் வசூல் பண்ணிக்கொண்டு வந்தேன் என்று வீட்டில் சொல்லவா முடியும்? கூட்டம் ஜாஸ்தி, இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

அடுத்தது மாட்டுங்கா. இங்கிலீஷ் மீட்டிங். தெரிந்த முகம் இருக்காது என்பதற்காகத்தான் அங்கே போனேன். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். ஃப்ளாஸ்கில் காபி இருந்தது. ஒருவர் எழுந்து நான் இன்னார், நான் குடிநோயாளி என்று ஆரம்பித்து, தன் கதையை அழகாகச் சொல்லிக்கொண்டு போனார். என் முறை வந்தது. நான் ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி, ‘வித் ரெஃபரன்ஸ் டு மை ட்ரிங்க்கிங்’ என்று ஆரம்பித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. முடித்ததும் கை தட்டினார்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அதில் நானும் இல்லை. அந்த முதல் வாக்கியத்தை, நான் குடிநோயாளி என்பதை, நான் சொல்லவேயில்லை. கழுத்தில் மாலையோடு அதைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குப் புரியவில்லை. சாமியென்று கும்பிடுகிறார்களே, சாமி குடிகாரன் என்று சொன்னால் அது யாருக்கு அவமானம்?

இதை எங்கள் குருசாமியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

“சாமி, மாலையில இருக்கும்போது பொய் சொல்லலாமா?”

“கூடாது சாமி.”

“நெசம் அசிங்கமா இருந்தா?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “இட்லி ஆறுது சாமி, சாப்பிடுங்க” என்றார். அவரையும் குழப்பிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாகத்தான் செம்பூர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தமிழ் மீட்டிங். ஒரு பழைய ஸ்கூலின் முதல் மாடி. ஆபீசில் வழி தவறி வருகிற பார்சலையெல்லாம் சரியான ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அப்படிப்பட்டவன் மாடிப்படி ஏறி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய ரூம் ஒன்றை நடுவில் பலகை வைத்துத் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். மகள் காட்டிய பட்டியலில் ரூம் நம்பர் கிடையாது. இடது பக்க ரூமில் எல்லாம் ஆம்பளைகள். ஒரே சத்தம், சிரிப்பு, ஒருத்தர் முதுகில் இன்னொருத்தர் தட்டிக்கொள்கிறார்கள். ஏதோ கல்யாண வீட்டுக் கும்பல் என்று நினைத்தேன். வலது பக்க ரூமில் வட்டமாக நாற்காலி போட்டு நாலைந்து பெண்கள், ஒரு வயசானவர். எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது. ஒருத்தி கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். குடித்துக் கெட்டவர்கள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. வலது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு மாமி. பாலக்காட்டுக்காரர், செம்பூரிலேயே ரொம்ப காலமாக இருப்பவர். காதில் வைரத்தோடு, நெற்றியில் விபூதிக் கீற்று. பம்பாயில் பொம்பளைகளும் இவ்வளவு குடிக்கிறார்களா, அதுவும் இந்த மாமியா என்று நான் அவர் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி பேச ஆரம்பித்தார்.

“ராத்திரி தூக்கமே கெடையாது. கை கால் நடுங்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ஸ்வாமி ரூம்ல போய் உக்காந்துண்டு அழுவேன். நாளைக்கு எல்லாம் சரியாயிடும்னு என்னையே ஏமாத்திண்டு இருந்தேன்.”

எனக்கு அப்படியே என் கதையைச் சொன்ன மாதிரி இருந்தது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மனசு கரைந்துவிட்டது. மாமி என்ன பிராண்ட் குடிப்பார் என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. அப்புறம்தான் அவர் சொன்னார்.

“பிள்ளை வர வரைக்கும் அப்படித்தான். வந்தான்னா, செருப்பக் கழட்டற சத்தத்துலயே தெரிஞ்சுடும். ஒண்ணு விழும். அடுத்தது ஒடனே விழுந்தா நல்ல நாள். கொஞ்சம் நேரமாச்சுன்னா, அவ்ளோதான். அந்த ரெண்டாவது செருப்பு விழற வரைக்கும் நான் மூச்சு விட மாட்டேன்.”

குடித்தது மாமி இல்லை, மாமியின் பிள்ளை. அது குடிக்கிறவர்களின் ரூமே இல்லை, குடிக்கிறவர்கள் வீட்டில் இருக்கிறவர்களின் ரூம். குடிக்கிறவர்கள் பக்கத்து ரூமில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்கப் போனேன், அதற்குள் மாமி என் பக்கம் திரும்பிவிட்டார்.

“சாமி புதுசா வந்திருக்கேள். ஆத்துல யாரு?”

கறுப்பு வேட்டியும் மாலையுமாக இருக்கிறவனைப் பார்த்து, குடிக்கிறவன் நீதானா என்று யார் கேட்பார்கள்? எல்லோரும் என்னையே இரக்கமாகப் பார்த்தார்கள். என் வாய் எனக்கு முன்னால் முந்திக்கொண்டது.

“தம்பி” என்றேன்.

எனக்குத் தம்பி கிடையாது. அண்ணனும் கிடையாது. எங்கள் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

திரும்பப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, சாமி சாமி என்று டீ கொடுத்தார்கள், அதனாலா? மீட்டிங் போகிறேன் என்று வீட்டில் பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது, அதனாலா? மகளுக்கு ஒரே சந்தோஷம். பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. மாமி சொன்ன செருப்புக் கதை என்னைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு மாடியில். இரும்பு ஏணிப்படி ஏறி வந்து வாசல் தகரத்தில்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். நான் வருகிற நேரத்தில் உள்ளே குழாய்ச் சத்தம் நின்றுவிடும், பாத்திரச் சத்தம் நின்றுவிடும். தண்ணி நின்றுபோயிருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மாலை போட்டு வெறுங்காலோடு வருகிறேன், நான் உள்ளே வந்து நிற்கும்வரை அவள் குழாயை மூடுவதே இல்லை. அந்த ஒரு மண்டலம் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். சாமி காரியத்தால் வந்த சந்தோஷம் என்று நினைத்த நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்.

தம்பி வாரத்துக்கு வாரம் வளர்ந்தான். முதலில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன், பிறகு ஒரு மனைவி, ஒரு பெண் குழந்தை. குர்லாவிலிருந்து பர்தா போட்டுக்கொண்டு வருகிற அக்கா ஒருவர், வீட்டுக்காரர் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர், தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும்போது வாயாரத் திட்டித் தீர்த்துவிடுவார். “எங்க வூட்ல அவுகள நெனச்சா எனக்கு அடிவயிறு எரியுது” என்பார். மாமியும் சளைத்தவர் இல்லை. என் முறை வரும்போது நான், “தம்பி அப்படியெல்லாம் மோசம் இல்ல மாமி. ஆபீசுக்கு ஒரு நாள் லீவு போட மாட்டான்” என்பேன்.

“குடிச்சுட்டு வந்து ஆம்படையாள என்ன பண்றான்?”

“கை நீட்ட மாட்டான். வாய்தான். அதுவும் அவ ஏதாவது கேட்டாத்தான். கேக்காம இருந்தா அவன் பாட்டுக்குப் படுத்துருவான்.”

“ஆத்துக்காரி எதுவும் கேக்கப்படாதா?”

“அப்படி இல்ல மாமி. அவனும் மனுசன்தானே. மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொட மாட்டான் தெரியுமா?”

“ஓ. அவரும் மாலை போடுவாரா?”

“ஆமா” என்றேன். காது சுட்டது. “ரெண்டு பேரும் சேர்ந்துதான் போடுவோம்.”

மாமி குர்லா அக்காவைப் பார்த்தார். அக்கா கீழே குனிந்து பர்தாவைச் சரி பண்ணினார். அவர்களுக்கு என் தம்பி மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவனுக்காக எனக்கு நிஜமாகவே ரோஷம் வந்தது.

மலைக்குப் போய்வந்தோம். இருமுடி கட்டியதும் படி ஏறியதும் ஒவ்வொரு வருஷம் மாதிரிதான். ரயிலில் திரும்பி வரும்போது கூட்டாளிகள் ஆளுக்கொரு மூலையில் சாயங்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எங்கே கூடுவது, யார் வாங்கி வருவது. அதுவும் எங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலில் குருசாமி மாலையைக் கழற்றினார். கழுத்து லேசாகிவிட்டது, தடவிப் பார்த்தால் ஏதோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டில் மனைவி சுடச்சுடச் சோறு போட்டாள். மகள் பிரசாதத்தை நக்கிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு எழுந்து பேன்ட் சட்டை போட்டேன். பீரோவுக்கு அடியிலிருந்த செருப்பை இழுத்தேன். அவள் என் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பு தரையில் உரசிய சத்தம் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது.

“வெளிய போயிட்டு வாரேன்” என்றேன்.

“போயிட்டு வாங்க” என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே இறங்கியதும் போன் அடித்தது. கூட்டாளிதான். எடுக்கவில்லை. தொண்ணூறு அடி ரோட்டில் நான் எப்போதும் திரும்புகிற முனை வந்தது. அங்கே நின்றேன். தைரியம் வந்து வேறு பக்கம் நடந்தேன் என்று சொன்னால் அது பொய். தாகமாக இருந்தது, பயமாக இருந்தது, அந்தச் சந்துக்குள் கால் திரும்பக்கூடத் திரும்பியது. அந்த நேரம் குழாயை மூடிவிட்டு நிற்கிற அவள் முதுகுதான் ஞாபகம் வந்தது. நான் சாயங்காலம் வரும்வரை அவள் அப்படியேதான் நிற்பாளோ என்று தோன்றியது. மறுபடி போன் அடித்தது. அதை அணைத்துவிட்டு விறுவிறுவென்று சயானுக்கு நடந்து செம்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஸ்கூல் மாடியில் மீட்டிங் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. மாமியும் குர்லா அக்காவும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாலை இல்லாமல், பேன்ட் சட்டையில், செருப்புப் போட்டுக்கொண்டு நான் போய் நின்றேன். மாமி மேலும் கீழும் பார்த்தார்.

“தரிசனம் நன்னா ஆச்சா? தம்பிய அழைச்சுண்டு வந்தேளா?”

“மாமி, எனக்குத் தம்பி கெடையாது” என்றேன். “நான்தான் அது. நான்தான் குடிக்கிறவன்.”

அவர் அதிர்ந்துபோவார், அடித்துத் துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். மாமி டீயை ஒரு வாய் குடித்தார்.

“தெரியுமே” என்றார்.

“எப்ப தெரியும்?”

“ரெண்டாவது வாரமே தெரியும். நாங்கல்லாம் ஆத்துல இருக்கறவாள வாயில வந்தபடி திட்டறோம். குடிக்கறவனுக்கு இவ்ளோ வக்காலத்து வாங்கின ஒரே ஆள் நீங்கதான்.”

குர்லா அக்கா சிரித்துவிட்டார். “எல்லாருக்கும் தெரியும்ண்ணே. சாமியாச்சேன்னு ஒண்ணும் சொல்லல.”

எங்கே போய் முட்டிக்கொள்வது? நான் அவர்களை ஏமாற்றுகிறேன் என்று தவித்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம், அவர்கள் தெரிந்தே எனக்கு டீ கொடுத்திருக்கிறார்கள். மாமி டம்ளரை வைத்துவிட்டு இடது பக்கக் கதவைக் காட்டினார்.

“ஒங்க ரூம் அது. போங்கோ. ஒங்காத்துக்காரிய இங்க அனுப்பி வைங்கோ. என் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கும்.”

அந்த ரூமுக்குள் போனேன். அதே சிரிப்புக் கும்பல். ஒருத்தர் நகர்ந்து இடம் கொடுத்தார். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். மாட்டுங்காவில் சொல்லாமல் விட்ட வாக்கியம் தொண்டைவரை வந்தது. “எனக்குத் தம்பி கெடையாது” என்றுதான் மறுபடியும் வந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பரவாயில்லை, சொல்லுங்க என்றார்கள். அப்புறம்தான் மற்றதைத் தமிழில் சொன்னேன். அழுதேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியாது, ஆனால் அதில் வேறு யாரும் இல்லை.

திரும்பி வரும்போது விளக்கு வைக்கிற நேரம். ஏணிப்படி ஏறினேன். மேலே உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. இரண்டு செருப்பையும் டக் டக்கென்று கழற்றிவிட வேண்டும் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தேன். இடது செருப்பு விழுந்தது. வலது செருப்பின் வார், இத்தனை நாள் போடாமல் கிடந்ததில் விறைத்துப்போய், விரலில் சிக்கிக்கொண்டது. உதறுகிறேன், வரமாட்டேன் என்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடினேன். உள்ளே குழாய் நின்றது.

இரண்டாவது செருப்பு விழுந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மகள். அவள் தோளில் காலேஜ் பை, கையில் பெட்டி.

“வார் மாட்டிக்கிட்டுட்டி” என்றேன். “சத்தியமா வார்தான்.”

“ஊதுங்க” என்றாள் மனைவி.

ஊதினேன். அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். பஸ்ஸில் யாரோ கொடுத்த பெப்பர்மிண்ட் வாசனைதான் வந்தது, அதுவேறு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. என் கண்ணைப் பார்த்தாள், கையைப் பிடித்து நடுக்கம் பார்த்தாள். கடைசியில் வாசல் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் குடித்துவிட்டு வந்தபோதெல்லாம் அவள் இப்படி அழுததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செம்பூரில் அவளுக்கும் ஒரு ரூம் இருக்கிறது என்று கொஞ்சநேரம் கழித்துச் சொன்னேன்.

“எனக்கு எதுக்கு ரூமு? குடிச்சது நீங்க.”

நியாயமான கேள்விதான். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புடவையை மாற்றிக்கொண்டு கூட வந்தாள். “ஒரே ஒரு வாட்டிதான். பெறகு கேக்கப்பிடாது” என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். மாமி அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். நான் இடது பக்கம் போனேன்.

அன்றைக்கு எங்கள் ரூமில் ஒருத்தர் பேசிக்கொண்டிருந்தபோது, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குபீரென்று சிரிப்புக் கேட்டது. நான் அங்கே போன எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த ரூம் சிரித்ததில்லை. அதில் ஒரு குரல் என் மனைவியுடையது. அவள் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். “என்னட்டி அப்படிச் சிரிப்பு?”

“அங்க பேசுனது அங்கயே. அது கூடத் தெரியாதா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டி இன்னும் பரணில் ஏறவில்லை, அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. சயான் வரப்போகும்போது அவளாகவே திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒங்க தம்பி எப்படி இருக்கான்?” என்றாள்.

“இன்னைக்கி குடிக்கலட்டி” என்றேன்.